டர்பனிலிருந்து கேப் டவுன்: நடுவழி இரவை எங்கே கழிப்பது?

டர்பனிலிருந்து கேப் டவுனுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 1,650 கி.மீ. என்3 நெடுஞ்சாலை பிடித்து ஹாரிஸ்மித், அங்கிருந்து என்5இல் பெத்லஹேம், வின்பர்க், பிறகு என்1இல் ப்ளூம்ஃபொன்டைன், கோல்ஸ்பர்க், போஃபர்ட் வெஸ்ட். தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் கோம்பி வேனில் இருந்தால் ஓர் இரவாவது எங்கேயாவது தங்கியாக வேண்டும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் போகிறவர்களுக்கு லெனேஷியாவிலோ லாடியத்திலோ ஒரு சித்தப்பா வீடு இருக்கும். கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பக்கம் யாராவது இருப்பார்கள். நடுவில்தான் பெரும்பாலும் யாரும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் 1891இல் போட்ட சட்டம் இந்தியர்கள் அங்கே குடியேறவும் கடை வைக்கவும் தடை விதித்தது. 1980களில்தான் அந்தத் தடை நீங்கியது. நம் சொந்தபந்தம் அந்தப் பக்கம் வேர்விட வழியே இருக்கவில்லை.

“ஃப்ரீ ஸ்டேட்டில் நிற்காதே, ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டிவிடு” என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் அது அந்தக் காலத்துப் புத்தி. அன்று அதில் நியாயம் இருந்தது. இன்று இருக்கிற வழிகளிலேயே ஆபத்தானது அதுதான். என்5இல் பெரும்பகுதி திசைக்கு ஒரே தடம், லாரிகள் அதிகம், குழிகளும் உண்டு. இருட்டில் ஒரு குழியில் இறங்கி டயர் போனால், நிற்கவே கூடாத இடத்தில் நிற்க வேண்டிவரும். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை ஓட்டுகிறவருக்குக் கண் செருகுவது தனிப் பிரச்சினை. கோக்ஸ்டாட், மதாதா வழியாக என்2இல் போனாலும் இதே கதைதான். அங்கே ராத்திரியில் மாடுகள் சாலையிலேயே நிற்கும்.

ஆகவே தங்குவது என்று முடிவாகிவிட்டது. இந்தப் பாதையில் நான்கு வகை இடங்கள் கிடைக்கும்: நெடுஞ்சாலை ஓரத்துச் செயின் ஹோட்டல், ஊருக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ், ஆப்பில் பிடிக்கும் முழு வீடு, கரூ என்ற வறண்ட வெளியில் பண்ணைத் தங்கல். நட்சத்திர எண்ணிக்கையை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நட்சத்திரம் வழங்கும் டூரிசம் கிரேடிங் கவுன்சிலிடம் போவது உரிமையாளரின் விருப்பம், கட்டாயமில்லை. அந்த நட்சத்திரமும் முக்கியமாக வசதிக்கும் சேவைக்கும் கொடுக்கும் மதிப்பெண். பூட்டிய அறைக்குள் ஒருவன் நுழைவதைவிட, காருக்கும் அறைக் கதவுக்கும் நடுவே உள்ள இருபது முப்பது அடியில் நடப்பவைதான் இங்கே கவலைக்குரியவை. கார் எங்கே நிற்கும், கேட்டை யார் திறப்பார்கள், நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள்: இந்த மூன்றையும் வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அடுத்தது தீயும் கேஸும்.

மணிக் கணக்கு

கோல்ஸ்பர்க்கில் டிசம்பரில் பொழுது சாய ஏழேகால் ஆகும். ஜூன், ஜூலையில் ஐந்தரைக்கே சூரியன் போய்விடும். டர்பனிலிருந்து கோல்ஸ்பர்க் சுமார் 860 கி.மீ. பெட்ரோல், சாப்பாடு, பிள்ளைகள் இறங்கி ஏறுவது எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை 4 மணிக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த்தை விட்டால் எந்த மாதத்திலும் வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். மறுநாளைக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான் மிச்சம் இருக்கும். இப்படிக் கிளம்ப முடிகிறவர்களுக்கு எங்கள் தேர்வு கோல்ஸ்பர்க்கில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஊர் சின்னதுதான். ஆனால் என்1உம் என்9உம் பிரிகிற இடம் என்பதால் வழிப்போக்கர்களுக்கு அறை விடுவதே அங்கே ஒரு தொழில்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்து மத்தியானம் 1 மணிக்குக் கிளம்பினால் கணக்கு வேறு. ப்ளூம்ஃபொன்டைன் போய்ச் சேரும்போதே இரவு ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் தெரியாத ஊரின் குடியிருப்புத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் தேடி வளையவருவதைவிட, ரிசப்ஷனில் இரவெல்லாம் ஆள் இருக்கும் செயின் ஹோட்டல் எவ்வளவோ மேல். இல்லையென்றால் மாலை வெளிச்சத்தில் ஹாரிஸ்மித்திலேயே நின்றுவிடலாம். அப்போது இன்னும் 1,350 கி.மீ. மிச்சம் என்பதால் இன்னோர் இரவுக்கும் அறை பிடிக்க வேண்டியிருக்கும். செலவு கூடும், உடம்பு தப்பிக்கும்.

குளிர் மாதங்களில் வான் ரீனன் கணவாயைக் கணக்கில் சேருங்கள். 2024 செப்டம்பரில் விழுந்த பனியில் என்3 மூடப்பட்டு, நிறையப் பேர் இரவு முழுக்கக் காரிலேயே மாட்டிக்கொண்டார்கள். பனி முன்னறிவிப்பு இருந்தால் என்3 உதவி எண் 0800 63 4357இல் கேட்டுவிட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமே தங்கிவிடுவது நல்லது. மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு கம்பளி, இரண்டு லிட்டர் தண்ணீர், பாதிக்கு மேல் பெட்ரோல் கையில் இருக்கட்டும்.

கேட்டில் நிற்கும் இரண்டு நிமிடம்

எந்த வகை இடமானாலும் போய்ச் சேரும் முறை ஒன்றுதான். ஊருக்குள் நுழையுமுன் கடைசிப் பெட்ரோல் பங்கில் நின்று போன் செய்யுங்கள். “பத்து நிமிடத்தில் வருகிறோம், கேட்டில் ஆள் இருக்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள். சீட்டில் கிடக்கும் கைப்பை, டேப்லட், போன் எல்லாவற்றையும் அங்கேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஆனால் டிக்கியைத் திறந்து, எல்லாரும் பார்க்க லேப்டாப்பை அதில் வைக்காதீர்கள். அதைக் கிளம்பும்போதே செய்திருக்க வேண்டும்.

கேட் திறக்கும்வரை வண்டியின் மூக்கைக் கேட்டுக்குள் விட்டு நிற்கக் கூடாது. பின்னால் ஒரு வண்டி வந்து அடைத்துக்கொண்டால் நகர வழி இருக்காது. சாலைக்கு இணையாக, எஞ்சின் ஓட, கியரில் நில்லுங்கள். கேட் முழுதாகத் திறந்ததும் நுழைந்து, உள்ளேயே நின்று, கேட் மூடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு கதவைத் திறங்கள். ஏதோ ஒரு வண்டி ஊருக்குள் இரண்டு திருப்பத்துக்கு மேல் கூடவே வந்தால் தங்குமிடத்துக்குப் போகாமல், ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ போலீஸ் நிலையத்துக்கோ விடுங்கள். போலீஸ் எண் 10111. கைபேசியிலிருந்து 112.

பொது பார்க்கிங்கில் ரிமோட் ஜாமிங் இன்னும் நடக்கிறது. நீங்கள் லாக் அழுத்தும் அதே நொடியில் பக்கத்தில் ஒருவன் தன் கையிலுள்ள ரிமோட்டை அழுத்திப் பிடிப்பான். இரண்டு அலையும் மோதுவதால் உங்கள் கார் பூட்டாது. அதற்கு விசேஷக் கருவிகூட வேண்டாம், அதே அலைவரிசையில் இயங்கும் சாதாரண கேட் ரிமோட்டே போதும். விளக்கு மின்னியதை நம்பாதீர்கள். கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், டிக்கியையும் சேர்த்து. காரைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்ட் நிற்கிறார் என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம்.

செயின் ஹோட்டல்

இதன் பலம் இரண்டு: இரவு பதினொரு மணிக்குப் போனாலும் ஆள் இருக்கும், தீ எச்சரிக்கை மணி, அவசர விளக்கு, படிக்கட்டு போன்றவை பெரிய கட்டடங்களில் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம். பலவீனம் பார்க்கிங். நூறு கார்கள் வந்துபோகும் இடத்தில் எது யார் கார் என்று காவலாளிக்குத் தெரியாது. தடுப்புக் கட்டை இருக்கிறதா, வெளியே போகும்போது சீட்டு சரிபார்க்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் மைதானம்தான்.

அறை கேட்கும்போது தரைத்தளத்தில் பார்க்கிங்கைப் பார்த்துத் திறக்கும் கதவு வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய மோட்டல் பாணிக் கட்டடங்களில் அப்படித்தான் கிடைக்கும். சாமான் இறக்க வசதிதான், ஆனால் அங்கே இழுவைக் கண்ணாடிக் கதவின் கொக்கி ஒன்றுதான் காவல். வேறு அறை இல்லையென்றால் கதவு ஓடும் தடத்தில் ஒரு கம்பையோ மடித்த குடையையோ நீளவாக்கில் வையுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு ரப்பர் ஆப்பு ஒன்று பையில் இருந்தால் போதும். குடும்ப அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு இருக்கும். அடுத்த அறை உங்களுடையது இல்லையென்றால் அது பூட்டியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

அறைப் பெட்டகத்தை நம்புமுன் ஒரு சோதனை. வெறும் பெட்டகத்தை உங்கள் எண்ணில் பூட்டுங்கள். பிறகு 0000, 000000, 999999 என்று போட்டுப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்குத் திறந்தால் தொழிற்சாலை வைத்த மாஸ்டர் எண்ணை யாரும் மாற்றவில்லை என்று பொருள். தூக்கிப் பார்த்து அசைந்தால் சுவரில் திருகியும் இல்லை. அப்படியானால் தாலிச் சங்கிலியும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நகையைப் பற்றி ரிசப்ஷனில் நின்று பேசாமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு.

நள்ளிரவில் அறைப் போன் அடித்து, “ரிசப்ஷன் பேசுகிறோம், உங்கள் கார்டு ஏறவில்லை, எண்ணை மறுபடி சொல்லுங்கள்” என்றால் வைத்துவிடுங்கள். நீங்களே ரிசப்ஷனை அழைத்துக் கேளுங்கள்.

சட்ட வகையில் ஹோட்டலில் தங்குபவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. இந்த நாட்டின் ரோமன்–டச்சுச் சட்ட மரபில், விருந்தினர் உள்ளே கொண்டுவந்த பொருளுக்கு விடுதிக்காரர் கடுமையான பொறுப்பு ஏற்க வேண்டும். “எல்லாம் உங்கள் சொந்தப் பொறுப்பில்” என்ற பலகை மாட்டியதாலேயே அது துடைத்துப் போய்விடாது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட நிபந்தனை எளிய மொழியில் இருக்க வேண்டும், உங்கள் கவனத்துக்கு முன்கூட்டியே கொண்டுவந்திருக்கவும் வேண்டும். ஹோட்டல் கேட் விழுந்து ஒரு விருந்தினர் காயமடைந்த வழக்கில், ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் 2012இல் இத்தகைய பலகையை ஏற்காமல் ஹோட்டல்மீதே பொறுப்பைச் சுமத்தியது. ஆனாலும் வழக்குப் போட்டு வாங்குவது வருடக் கணக்கான வேலை. பொருள் போனால் அன்றே போலீஸில் வழக்கு எண் வாங்கிவிடுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கெஸ்ட் ஹவுஸ்

நல்ல கெஸ்ட் ஹவுஸில் உரிமையாளர் அதே வளாகத்தில் குடியிருப்பார். ஆறேழு கார்கள்தான் நிற்கும். எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். சுவர், மின்வேலி, நாய், சுவரில் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (ஆயுதக் காவல் நிறுவன) பலகை எல்லாம் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு, பகலில் போய்ச் சேர முடியுமானால், இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பதிவு செய்ய லெக்கெஸ்லாப் போன்ற உள்நாட்டுத் தளங்களிலேயே நிறைய இடங்கள் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டுமுன் ஒரு போன் போட்டு நான்கு விஷயம் கேட்க வேண்டும்.

ராத்திரி வளாகத்தில் யார் இருப்பார்கள்? “சாவி லாக்பாக்ஸில் இருக்கும், எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்” என்றால் அது பெயருக்குத்தான் கெஸ்ட் ஹவுஸ். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு எண் பூட்டைத் திருகுவது உங்கள் வேலையாகிவிடும். கார் சுவருக்கு உள்ளே நிற்குமா, தெருவிலா? அறை பிரதான வீட்டோடு சேர்ந்ததா, தோட்டத்தில் தனியாகவா? தனி அறையென்றால் ஆபத்தில் அழுத்த பேனிக் பட்டன் இருக்கிறதா? கடைசியாக, மின்சாரம் போனால் கேட்டும் மின்வேலியும் வேலை செய்யுமா?

இந்தக் கடைசிக் கேள்வியைச் சிலர் கேட்பதே இல்லை. லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முன்பு போல அன்றாடம் இல்லை என்றாலும், கேபிள் திருட்டாலும் நகராட்சிப் பழுதாலும் சின்ன ஊர்களில் மின்சாரம் போவது நிற்கவில்லை. கேட் மோட்டாரிலும் வேலிக் கருவியிலும் உள்ளே ஒரு சின்ன லெட்–ஆசிட் பேட்டரி இருக்கும். அடிக்கடி முழுதாக வடிந்து வடிந்து அதன் ஆயுள் குறைந்துவிடும். வெளியே பார்த்தால் வேலி கம்பீரமாக நிற்கும், மின்சாரம் போன கொஞ்ச நேரத்தில் வெறும் கம்பி. “பேட்டரி எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டால், பராமரிக்கிறவர் உடனே சொல்வார். மழுப்புகிறவரிடம் மற்றதும் மழுப்பலாகவே இருக்கும்.

இனித் தீ. நம் நாட்டு ஜன்னல்களில் பர்க்ளர் கார்ட் கம்பி இல்லாதது அபூர்வம். அறைக்கு வெளியே இழுத்துப் பூட்டும் இரும்பு கேட்டும் இருக்கும். திருடனை வெளியே நிறுத்தும் அதே கம்பி தீப்பிடித்தால் உங்களை உள்ளே நிறுத்தும். ஆகவே அறைக்குள் போனதும் ஏதாவது ஒரு ஜன்னலின் கம்பி உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் இரும்பு கேட்டின் சாவிதான் உங்கள் உயிர். அதைப் பையிலோ மேசை இழுப்பறையிலோ போடாமல், கட்டிலிலிருந்து கை நீட்டினால் கிடைக்கும் இடத்தில், வெளியிலிருந்து கை விட்டு எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். பெரியவர் ஒருவருக்காவது அந்த இடம் தெரிந்திருக்கட்டும். பாட்டி வேறு அறையில் படுத்தால் அந்த அறைக்கும் சாவி தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

குளிருக்கு ஹீட்டர் போட்டால் நேராகச் சுவர் ப்ளக்கில். 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மலிவான மல்ட்டிப்ளக்கும் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரும் அந்தச் சூட்டில் உருகும். ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் அணைத்துவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள்.

முழு வீடு

எட்டுப் பேருக்கு இதுதான் மலிவு. சமையலறை கையில் இருக்கும், விரதக்காரர்களுக்கும் சௌகரியம். கேப் டவுனில் ஐந்தாறு நாள் தங்க இதையே சொல்வோம். வழியில் ஓர் இரவுக்கு வேண்டாம். வளாகத்தில் யாரும் இல்லாத வீட்டில் எந்த விளக்கு எந்த ஸ்விட்ச், எந்த அலாரத்துக்கு என்ன எண் என்று பிடிபடுவதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

டிசம்பரில் பெரிய தொல்லை, வீடே இல்லாத வீட்டு விளம்பரம். யாரோ ஒருவரின் வீட்டுப் படங்களை எடுத்துப் போட்டு, சந்தை விலையில் பாதி சொல்லி, “இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே பாதிப் பணம்” என்பார்கள். படத்தைக் கூகுளில் ஏற்றித் தேடுங்கள். வேறு ஊரில் வேறு பெயரில் வந்தால் விஷயம் முடிந்தது. வீட்டில் நின்றபடி வீடியோ கால் கேளுங்கள், வாசலிலிருந்து சமையலறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். ஆப்பில் தொடங்கிய பேச்சை வாட்ஸ்அப்புக்கு இழுத்து, தனியார் கணக்குக்கு இஎஃப்டி அல்லது பேஷாப் வங்கிப் பரிமாற்றம் கேட்டால் விலகுங்கள். அந்தப் பணம் போய்ச் சேர்ந்தபின், வாங்கியவர் சம்மதிக்காமல் வங்கியால் திருப்பித் தர முடியாது.

உண்மையான வீடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேஸ். லோட்ஷெட்டிங் வருடங்களில் பல வீடுகள் கேஸ் கீசருக்கு மாறின. கேஸ் இணைப்புக்குச் சான்றிதழ் சட்டப்படி தேவை. அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடி, மேலே கரி படிந்திருந்தால் கேஸ் அரைகுறையாக எரிகிறது, கார்பன் மோனாக்சைடு வருகிறது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் மணக்கும், தரையோடு தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி என்றால் வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடாதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுபோய்விட்டு 10177க்கோ 112க்கோ அழையுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் ஒன்றைக் கட்டில் உயரத்தில் மேசைமேல் வைத்தால் போதும். ப்ராய் (கரியில் இறைச்சி சுடுவது) முடிந்ததும் மிச்சக் கரித் தணலைச் சூட்டுக்காக அறைக்குள் கொண்டுவருவது மட்டும் எந்தக் குளிரிலும் கூடாது. சாம்பல் பூத்த தணலும் அதே வாயுவைக் கக்கும்.

கேமரா பற்றிய பயம் பெரிதாகப் பேசப்படுகிறது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவையே தடை செய்துவிட்டது. வெளியே இருப்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கட்டிலையோ குளியலறையையோ பார்த்து நிற்கும் கடிகாரம், சார்ஜர், புகை அலாரம் இருந்தால் விளக்கை அணைத்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். லென்ஸ் இருந்தால் புள்ளியாக மின்னும்.

பண்ணை, அப்புறம் கார்

கரூ பண்ணையில் திருட்டுப் பயம் குறைவு, மற்றப் பயங்கள் அதிகம். தார்ச்சாலையை விட்டு சரளைப் பாதையில் பத்து முப்பது கி.மீ. உள்ளே போக வேண்டியிருக்கும். இருட்டினால் குடு மான் குறுக்கே பாயும். சிக்னல் பல இடங்களில் கிடையாது, ஆம்புலன்ஸ் வர நேரமாகும். இதய நோய் உள்ள தாத்தாவோடு அங்கே போவது சரியல்ல. கூரை புல் வேய்ந்ததானால் இடிதாங்கிக் கம்பம், தீயணைப்பான், இரண்டாவது கதவு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டாம். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். வால் தடித்து, கொடுக்குக் கைகள் மெலிந்திருக்கும் தேள்தான் அங்கே விஷம் கூடியது.

சாலையோரக் கான்கிரீட் மேசைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு இரவில் தூங்குவது தங்குமிடமே அல்ல. பகலில் கண் செருகினால் ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில், வெளிச்சத்தில், எஞ்சினை அணைத்து இருபது நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பதிவை மாற்ற நேர்ந்தால்

வழியில் தாமதமாகி, கோல்ஸ்பர்க் பதிவை விட்டுவிட்டு ப்ளூம்ஃபொன்டைனிலேயே நிற்க நேரலாம். பணம் போகிறதே என்று இருட்டில் இன்னும் இரண்டரை மணி நேரம் ஓட்டாதீர்கள். முன்பதிவை ரத்துசெய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உரிமை தருகிறது. அவர்கள் நியாயமான கட்டணம் பிடிக்கலாம், காரணமில்லாமல் முழுதையும் விழுங்க முடியாது. யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. கடைசி நாள் இரவில் ரத்துசெய்தால் திரும்புவது கொஞ்சம்தான். அதனால் ஹாரிஸ்மித்தைத் தாண்டும்போதே கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

மறுநாள் 4 மணிக்குக் கிளம்புவதானால் முந்தின இரவே கேட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு: அந்த நேரத்தில் கேட்டை யார் திறப்பார்கள், ரிமோட்டை எங்கே விட்டுப்போவது? உரிமையாளர் தூங்குகிறார், கேட் திறக்கவில்லை என்று எல்லாரும் சாமானோடு வெளியே இருட்டில் நிற்கக் கூடாது. பெட்டிகளை இரவிலேயே அறை வாசலில் கட்டி வையுங்கள். காலையில் முதலில் பிள்ளைகளை ஏற்றிக் கதவைப் பூட்டுங்கள், பிறகு பெட்டி, கடைசியில் கேட்.